பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் முதல்முறை கலந்துகொள்கிறேன். பார்த்த பறவைகளைப் பதியும் இபேர்ட் (eBird) செயலியில் பட்டியலைச் சரியாக இடுவது எப்படி?

அரிய பறவை எதுவும் கண்ணில் பட்டாக வேண்டியதில்லை. காகம், மைனா, மாடப்புறா மட்டுமே இருந்த 15 நிமிடப் பட்டியலும், முழுமையானதாக இருந்தால், ஆய்வுக்குப் பயன்படும். 2015 முதல் பொங்கலை ஒட்டி நடக்கும் இந்தக் கணக்கெடுப்பில் பலரும் இடறுவது அந்த 'முழுமை'யில்தான்.

பட்டியலை அனுப்பும்போது, 'அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் குறித்தீர்களா?' என்று செயலி கேட்கும். இரண்டு மூன்று பறவைகளின் பெயர் தெரியவில்லையே என்று புதியவர்கள் 'இல்லை' கொடுத்துவிடுகிறார்கள். தெரியாததை விட்டதால் குறையில்லை. தெரிந்ததை வேண்டுமென்றே விடாதவரை 'ஆம்'தான். பத்து முழுப் பட்டியல்களில் மூன்றில் மட்டும் தகைவிலான் என்ற வலசைக் குருவி இருந்தால், மற்ற ஏழில் தேடியும் தென்படவில்லை என்று பொருள் கொள்ளலாம். வலசைப் பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று பல ஆண்டுகளை ஒப்பிட அந்த 'தென்படவில்லை' கட்டாயம் வேண்டும். காகத்தை அற்பமென்று விட்ட பட்டியலில் அது கிடைக்காது.

உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை (செயலி காட்டும் உள்ளூர்ப் பறவைப் பெயர்களை) முந்தின நாளே வைஃபையில் இறக்கிவிடுங்கள். சிக்னல் இல்லாத கண்மாயிலும் ஜிபிஎஸ் ஓடும். மொட்டை மாடியில் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் 'ஸ்டேஷனரி', நடந்துகொண்டே பார்த்தால் 'டிராவலிங்'. போன வழியிலேயே திரும்பினால் ஒருவழித் தூரம்தான் கணக்கு. செயலி இரண்டையும் கூட்டிக் காட்டும், அனுப்பும் முன் திருத்துங்கள். ஏரியிலிருந்து வயலுக்குப் போனால் புதுப் பட்டியல் தொடங்குங்கள். பைக்கில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒரே பட்டியலாகப் போட்டால், எந்தப் பறவை எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

எண்ணிக்கைக்குப் பதில், 'இருந்தது' என்று மட்டும் சொல்லும் 'எக்ஸ்' (X) போடாதீர்கள். தோராயமான எண்கூட அதைவிட மேல். ஏரியில் தட்டைவாயன், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் கலந்து மிதந்தால், முதலில் மொத்தக் கூட்டத்தை எண்ணுங்கள். இருபது பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைத்திருக்கும் அகலத்தை மனத்தில் வைத்து, கூட்டம் முழுவதிலும் அது எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். அந்த இருபதை ஓரத்தில் எடுக்காதீர்கள். ஓரத்தில் பறவைகள் விலகி நிற்கும், நடுவில் நெருங்கி நிற்கும். ஓரத்து அளவை வைத்துப் பெருக்கினால் மொத்தம் குறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு இனமும் எத்தனை பங்கு என்று பிரித்துக்கொள்ளலாம். பனி விலகும்வரை பொறுப்பதும் நல்லது.

வெள்ளைக் கொக்குகளில் குழப்பம் வரும். அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மாட்டோடு திரியும், அலகு மஞ்சளாக இருக்கும் குட்டைக் கழுத்துக்காரர் உண்ணிக்கொக்கு. தூரத்தில் பிரித்தறிய முடியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். 'கொக்கு, இனம் தெரியவில்லை' என்ற வகையில் பதியவும் வசதி இருக்கிறது. மெர்லின் செயலி குரலைக் கேட்டுச் சொல்லும் பெயரையும் நீங்களே பார்த்தோ கேட்டோ உறுதிசெய்த பிறகே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களோடு போனால் ஒருவர் மட்டும் பட்டியலிட்டு மற்றவர்களுக்கு 'ஷேர்' செய்யட்டும். ஆளுக்கொன்று தனித்தனியாக அனுப்பினால் அதே வாத்துகள் நான்கு முறை கணக்கில் ஏறும். வழக்கத்துக்கு மாறான பறவையோ எண்ணிக்கையோ இருந்தால் செயலி விளக்கம் கேட்கும். 'நிச்சயமாகப் பார்த்தேன்' என்று எழுதினால் சரிபார்ப்பவருக்கு உதவாது. நிறம், அளவு, என்ன செய்துகொண்டிருந்தது, எண்ணிய விதம் ஆகியவற்றை எழுதுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் இணையுங்கள்.