மைதானத்தில் மைக் பிடிப்பவருக்குச் சினிமாவில் வாய்ப்பு கிடைக்குமா?

கல்லூரி விளையாட்டு விழாவில் நீங்கள் அறிவிப்பு செய்ததைக் கேட்டு நண்பர்கள் உசுப்பேற்றியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கிடைக்கும். ஆனால் முகத்துக்கு அல்ல, குரலுக்கு.

பாப் ஷெப்பர்டை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் யாங்கி மைதானத்தில் 1951 முதல் 2007 வரை பேஸ்பால் வீரர்களின் பெயரை அறிவித்தவர். யாங்கீஸ் அணியில் ஆடிய ரெஜி ஜாக்சன் அவர் குரலைக் 'கடவுளின் குரல்' என்றார். 2001இல் வந்த '61*', 2003இல் வந்த 'ஆங்கர் மேனேஜ்மென்ட்' ஆகிய படங்கள் இரண்டிலும் அவர் குரல் உண்டு. அவராகவேதான் வருவார், வேறு வேடம் கிடையாது. இத்தனைக்கும் பிழைப்புக்கு அவர் பார்த்தது வாத்தியார் வேலை. பள்ளியிலும் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்திலும் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தார்.

பேஸ்பால் விதிகள் எனக்கு இன்றுவரை பாதிதான் புரியும். 'உனக்கு எதற்கு இந்தப் பதில்' என்று யாராவது பின்னூட்டம் போடுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2004இல் அலுவலகத்தில் அந்த மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். மேல் தட்டில், காக்கை உட்காரும் உயரத்தில் இடம். ஆட்டம் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. ஆனால் யாங்கீஸ் அணியின் நட்சத்திர வீரர் ஜீட்டர் மட்டையோடு வந்தபோது ஷெப்பர்டின் குரல், எண் இரண்டு என்றது. ஓர் இடைவெளி. டெரெக் ஜீட்டர். இன்னோர் இடைவெளி. மறுபடி எண் இரண்டு. எதிரொலி அடங்கியபின்தான் அடுத்த சொல் வரும். கத்தல் இல்லை, இழுவை இல்லை. பின்னாளில் ஷெப்பர்ட் வராமல் போனதும், தனக்கு மட்டும் அவருடைய ஒலிப்பதிவையே போடச் சொன்னார் ஜீட்டர். ஷெப்பர்ட் 2010இல், 99 வயதில் இறந்த பிறகும், 2014இல் ஜீட்டர் ஓய்வு பெறும்வரை அது ஒலித்தது.

வெளியூர் அணியில் புதுப் பெயர் இருந்தால் ஷெப்பர்ட் அந்த வீரரிடமே போய்க் கேட்டுக்கொள்வாராம். இது எனக்குச் சுருக்கென்று தைத்த இடம். எங்கள் தமிழ்ச் சங்கத்து விளையாட்டு நாளில் பல வருடங்களாக மைக் என் கையில். ஒருமுறை நூறு மீட்டர் ஓட்டத்தில் ஜெயித்த சிறுமிக்கு ழகரத்தில் முடியும் பெயர். பட்டியல் ஆங்கில எழுத்தில். நான் லகரமாக வாசித்துவிட்டேன். பதக்கம் வாங்க யாரும் வரவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் சத்தமாக அதே தப்பு. கடைசியில் ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி எழுந்து வந்து, "தம்பி, தேடித் தேடி வச்ச பேருப்பா அது" என்றார். சத்தம் போட்டிருந்தாலாவது தேவலை.

இங்கே பட்டமளிப்பு மேடையில் என் பெயரை மூன்றாவது எழுத்தோடு கைவிட்ட பேராசிரியரை இருபது வருடமாகத் திட்டிக்கொண்டிருப்பவன் நான். அவருக்காவது தமிழ் தெரியாது.

பட்டியலைத் தமிழில் கொடுங்கள் என்று கமிட்டியிடம் கேட்டால், தட்டச்சு செய்ய ஆள் இல்லை என்பார்கள். பொன்னாடை போர்த்த மட்டும் ஆள் இருக்கும். நன்றியுரையில் தண்ணீர் பாட்டில் இறக்கியவர் வரை பெயர் உண்டு, மைக் பிடித்தவன் பெயர் கிடையாது. அதை வாசிப்பதும் நான்தான். நானே சேர்த்துச் சொல்லிக்கொள்ள முடியுமா? (கமிட்டியில் நல்லவர்களும் இருக்கிறார்கள், சண்டைக்கு வராதீர்கள்.)

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேறொரு வேலையை வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். ஓட்டம் தொடங்கும் முன் பிள்ளைகள் நிற்கும் கோட்டுக்கே போய் ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். போட்டி பத்து நிமிடம் தாமதமாகிறது என்று அதற்கும் புகார் வந்திருக்கிறது.