பைக்கில் கார் டயர்: காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தால்?

கேள்வி: 2018-க்கு முந்தைய ஹோண்டா கோல்ட்விங் பைக் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 180/60 ஆர்16 பின் டயர் எளிதில் கிடைக்கவில்லை, விலையும் அதிகம். அமெரிக்காவில் பலர் செய்கிறார்களே என்று 195/55 ஆர்16 ரன்ஃப்ளாட் (காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும்) கார் டயரை மாட்டினேன். கோத்தகிரி சாலை வளைவில் வண்டி சறுக்கி, எதிரே வந்த ஸ்கூட்டர்காரருக்குக் கால் முறிந்துவிட்டது. ‘அனுமதியற்ற மாற்றம்’ என்று சொல்லி என் வண்டிக்கான க்ளெய்மை நிறுவனம் நிராகரித்துவிட்டது. ஸ்கூட்டர்காரருக்கும் நானே பணம் கொடுக்க வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: அந்த டயரைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். ரிம்மோடு அப்படியே வைத்திருங்கள். பக்கச்சுவரில் உள்ள அளவு, தாங்குதிறன் எண், நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி, இரு ஓரத் தேய்மானம், டயரின் பீடு (ரிம்மைக் கவ்வும் கம்பி வைத்த உள்விளிம்பு) ரிம்மில் உட்கார்ந்திருக்கும் இடம் எல்லாவற்றையும் கிட்டத்தில் படமெடுங்கள். இன்றைய காற்றழுத்தத்தையும் குறித்து வையுங்கள்.

ஸ்கூட்டர்காரர் விஷயத்தில் அதிகம் கவலைப்பட வேண்டாம். மூன்றாம் நபர் இழப்பீட்டில் நிறுவனம் என்னென்ன காரணம் சொல்லித் தப்பலாம் என்பதை மோட்டார் வாகனச் சட்டம் 150-வது பிரிவு எண்ணிச் சொல்லியிருக்கிறது: உரிமம் இல்லாதது, பந்தயம், வாடகைக்கு ஓட்டியது, போதை, சைடு கார் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தும் பைக்கை அது இல்லாமல் ஓட்டியது போன்றவை. டயர் வகை அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே ஒரு ஆபத்து உண்டு. டயர் மாற்றிய பிறகு பாலிசியைப் புதுப்பித்து, ‘வண்டியில் மாற்றம் ஏதுமில்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், முக்கிய விவரத்தை மறைத்ததாக அதைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த இரண்டு தேதிகளையும் இன்றே பாருங்கள்.

உங்கள் வண்டிக்கான இழப்பீடுதான் சிக்கல். நிறுவனம் கையில் எடுப்பது 52-வது பிரிவு. தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டிப்பாகச் சொன்னதையும் காட்டுவார்கள். ஆனால் அதே பிரிவு, ‘மாற்றம்’ என்றால் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று விளக்குகிறது. தேய்ந்தால் கழற்றி மாட்டுகிற டயர் அதில் சேருமா என்று வாதாட நிறையவே இடமிருக்கிறது. தாங்குதிறனும் நம் பக்கம்: அசல் டயரின் எண் 74, அதாவது 375 கிலோ. உங்கள் கார் டயரில் 87 என்று இருந்தால் 545 கிலோ.

அதற்காக டயர் சரியானது என்று நான் சொல்ல மாட்டேன். இருசக்கர டயருக்கு ஐ.எஸ். 15627, கார் டயருக்கு ஐ.எஸ். 15633 என்று தரநிலையே தனித்தனி. பைக் டயரின் முகம் உருண்டை, சாய்ந்தாலும் தரையைப் பிடிக்கும். கார் டயரின் முகம் தட்டை. சாய்த்தால் ஓரத்தில் நிற்கும், மறு பாதி தரையை விட்டு எழும்பும். பீடு உட்காரும் இடத்தின் வடிவமும் வேறு. கார் டயரை உட்கார வைக்கக் காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது. பைக் ரிம்மில் அதற்குள் உட்காராமல் கடைக்காரர் கூடுதலாக ஏற்றியிருந்தால் பீடு கம்பி பழுதாகியிருக்கலாம்.

ஆகவே வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: விபத்துக்கு அந்த டயர்தான் காரணமா? அதை மெய்ப்பிக்க வேண்டியது நிறுவனம். பீடு ரிம்மை விட்டு நழுவியிருந்தால் நமக்குக் கஷ்டம். பீடு அசையாமல், காற்றும் இறங்காமல் இருந்து, வளைவில் ஜல்லியோ டீசலோ கிடந்திருந்தால் நம் கை ஓங்கும். 136-வது பிரிவின் கீழ் மோட்டார் வாகன ஆய்வாளர் தந்த அறிக்கையின் நகலை வாங்குங்கள். ‘விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல’ என்ற ஒரு வரி அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மாறாக டயரைக் குறை சொல்லியிருந்தால், 190-வது பிரிவின் கீழ் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்று உங்கள் மீதே வழக்கு திரும்பலாம்.

சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். நிராகரிப்புக் கடிதத்தில் இல்லாத காரணத்தை நிறுவனம் பிறகு கிளப்ப முடியாது (சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கு, 2019). முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியாக இல்லையென்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம்; கட்டணமில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு அவகாசம். ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார் என்பதால் ஆம்புட்ஸ்மேனிடமிருந்தே தொடங்குங்கள்.

முழுத் தொகையும் வரும் என்று நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. நிபந்தனை மீறல் அடிப்படையானதல்ல என்றால் 75 சதவீதம் வரை தரலாம் என்பது அமலேந்து சாஹு வழக்கின் (2010) வழி. அது வாடகைப் பயன்பாடு பற்றிய வழக்கு என்றாலும் உங்களுக்கும் பொருத்திக் கேட்கலாம்.

அமெரிக்காவைப் பற்றி: அங்கே பாதுகாப்புத் தரத்தைக் கெடுக்கும் வேலையைச் செய்யக் கூடாது என்ற கூட்டாட்சித் தடை தயாரிப்பாளர், விற்பனையாளர், பழுதுபார்க்கும் கடை ஆகியோருக்குத்தான்; சொந்தக்காரருக்கு இல்லை. கடைகள் மறுப்பதற்கும், பலர் வீட்டிலேயே மாட்டிக்கொள்வதற்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நம் 52-வது பிரிவு நேராக உரிமையாளரையே பிடிக்கிறது.

வண்டியை மறுபடி எடுக்கும் முன், இரண்டு வாரம் காத்திருக்க நேர்ந்தாலும் 180/60 ஆர்16 பைக் டயரையே வரவழைத்து, அளவு எழுதிய பில்லோடு மாட்டுங்கள்.