இரண்டு தோட்டா

அன்புள்ள ஐயா,

நான் குலசேகரம் பக்கத்தைச் சேர்ந்தவன். ஆறு வருடமாகக் கனடாவில் வேலை. கூட வேலை பார்க்கும் ஒருவர், ஐம்பது வயதுக்காரர், போன வாரம் தன் முதல் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு அவருடைய அப்பா கொடுத்த பாயிண்ட் டூ டூ ரைஃபிள். பெட்டியைத் திறந்தபோது வந்த எண்ணெய் வாசனை வரைக்கும் சொன்னார். சொல்லும்போது குரல் தடுமாறியது. எனக்கு அது புரியவில்லை. சின்னப் பையன் கையில் யாராவது துப்பாக்கியைக் கொடுப்பார்களா என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, எங்கள் பாட்டா வீட்டிலும் ஒரு தோக்கு இருந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். நீங்களும் இளமையில் துப்பாக்கியோடு காவலுக்குப் போனதாக ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா? வேட்டையாடியதற்காக இப்போது வருந்துகிறீர்களா?

இன்னொன்று. அப்பா இரண்டு ஏக்கரில் ரப்பருக்கு இடையே அன்னாசி வைத்திருக்கிறார். காட்டுப்பன்னி எதையும் மிச்சம் வைப்பதில்லை. ஊர் திரும்பினால் துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கலாமா என்று ஒரு எண்ணம். என்ன சொல்கிறீர்கள்?

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் நண்பரின் குரல் ஏன் தடுமாறியது என்று எனக்குத் தெரியும். எனக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த எண்ணெய் வாசனைதான். எங்கள் வீட்டில் அது தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் போட்டால் நாள்பட்டுப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா அம்மாவின் மிஷின் டப்பாவிலிருந்து எடுத்துத் தடவுவார்.

1967இல் எனக்குப் பத்தொன்பது வயது. கடையாலுமூட்டுக்கு மேலே, மலையடிவாரத்தில் எங்கள் விளை. மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி, நல்லமிளகு, கொஞ்சம் வாழை. அதுவரை வீட்டில் இருந்தது பாட்டா காலத்துக் கேப்புத் தோக்கு. குழல் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டுக் கம்பியால் இடித்து, பின்னால் கேப்பு வைத்து வெடிக்கிற வகை. அதன் லைசென்ஸ் திருவிதாங்கூர் சர்க்கார் கொடுத்தது, மலையாளத்தில் இருக்கும். 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தக் காகிதத்தை அப்பா தூர எறியவில்லை. நம் பக்கத்தில் துப்பாக்கிக்குப் பழைய கதை உண்டு. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்ட டச்சுப்படை அதிகாரி டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தார். புலியூர்க்குறிச்சியில் அவருடைய கல்லறை இருக்கிறது. ஆனால் எங்கள் மலையடிவாரத்து வீடுகளில் தோக்கு என்றால் படையோ போரோ யாருக்கும் நினைவு வராது. மண்வெட்டி, பாக்குவெட்டி போல அதுவும் ஒரு சாமான். எரவாணத்தில் செருகியிருக்கும்.

அந்த வருடம் நல்லமிளகு நல்ல விலைக்குப் போனது. எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கிளம்பிய ஒருவரிடமிருந்து அப்பா ஒற்றைக்குழல் தோட்டாத் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். பன்னிரண்டு போர். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாகப் பிரித்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் அந்தக் குழலின் வாய். அதனால்தான் அந்தப் பெயர். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் குதிரை வெளியே தெரியும். பெருவிரலால் பின்னுக்கு இழுத்து ஏற்ற வேண்டும். ரைஃபிள் என்று நீங்கள் எழுதியிருப்பது வேறு. அதன் குழலுக்குள் சுருளாக மரை வெட்டியிருக்கும், குண்டு சுழன்றுகொண்டு வெளியே வரும், வெகுதூரம் போகும். உங்கள் நண்பரின் சின்ன பாயிண்ட் டூ டூ குண்டே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது. நம் ஊரில் ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை வீடு, எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை கோயில்? 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். எங்கள் துப்பாக்கியில் ரவை சிதறிவிடும், நாற்பது மீட்டருக்கு மேல் குறிவைத்துப் பயனில்லை. நம் நிலத்துக்கு அதுவே அதிகம்.

லைசென்ஸில் என் பெயரும் ஏறி வந்த அன்று சாயங்காலம் அப்பா என்னைத் திண்ணையில் உட்கார வைத்தார். துப்பாக்கியை மடியில் வைத்தார். எனக்குக் கை நடுங்கியது, சந்தோஷத்தில்தான். பிறகு உள்ளே போய் பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். அந்தக் காலத்துத் தோட்டாவின் கூடு காகிதம். இடவப்பாதிப் பருவமழையில் ஈரம் குடித்து ஊதிவிட்டால் குழலுக்குள் நுழையாது. அதனால் வறுத்த அரிசிக்கு நடுவே புதைத்து வைத்திருப்பார். அதிலிருந்து இரண்டை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தார்.

"லே மக்கா, ரெண்டு தந்திருக்கேன். காலம்பற ரெண்டும் வரணும். ஒண்ணு குறஞ்சா பன்னியக் காட்டணும்."

பிறகு அவர் சொன்னதை இத்தனை வருடத்தில் நான் ஒரு வார்த்தை மறக்கவில்லை. "டார்ச் அடிச்சா கண்ணு மின்னுச்சுன்னா வெடி வைக்காத, அது பன்னி இல்ல. மின்னலேன்னாலும் வெடி வைக்காத. மனுசனுக்கும் மின்னாது."

இதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். மிளா என்கிற கடமானுக்கும் மரநாய்க்கும் மாட்டுக்கும் நாய்க்கும் கண்ணின் பின்சுவரில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. டார்ச் பட்டால் பச்சையாகவோ மஞ்சளாகவோ தீப்பொறி போல நிற்கும். பன்னிக்கு அந்தப் படலம் கிடையாது. நமக்கும் கிடையாது. இருட்டில், மரச்சீனித் தண்டுகளுக்கு நடுவே, குனிந்து கிழங்கு தோண்டும் மனிதனும் பன்னியும் ஒன்றுபோலக் கருப்பாக அசைவார்கள். அப்படியானால் எப்போதுதான் சுடுவது என்று கேட்டேன். "முழுசாக் கண்டா சுடு" என்றார். அவ்வளவுதான் என் பயிற்சி.

அயனி மரத்தில் ஏறுமாடம் கட்டியிருந்தோம். துணைக்கு, காணிக்காரர் என்னும் மலைப்பழங்குடியைச் சேர்ந்த ஒரு பாட்டா வருவார். பெரும்பாலும் அவர் டார்ச்சைத் தொடவே மாட்டார். காது கொடுத்தே சொல்லிவிடுவார்: இது முள்ளன், இது மரநாய், இது சும்மா காற்றில் உதிர்ந்த மட்டை. பன்னி வந்தால் முதலில் வேலிப்பக்கம் ஒரு மூச்சு கேட்கும், அப்புறம் ஒரு நீண்ட அமைதி, அது நம்மைக் கேட்கிறது. அந்த அமைதியில் நாமும் அசையாமல் இருந்தால்தான் உள்ளே வரும். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்த மாடத்தில் படித்தது அதிகம் என்று மனதாரச் சொல்வேன். ஒரு இரவு முழுக்கப் பேசாமல் இருக்கவும், எட்டுத் திசையையும் தனித்தனியாகக் கேட்கவும் அங்கேதான் கற்றேன்.

விடியற்காலம் மூன்று மணிக்கு மேல் துப்பாக்கியைத் தொடக்கூடாது. ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் நடக்க ஆரம்பிக்கும் நேரம். தோட்டாவைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.

அந்த முதல் வருடம் மட்டும் நாற்பது இரவுக்கு மேல் உட்கார்ந்திருப்பேன். இரண்டே முறை வெடி வைத்தேன். ஒன்று தப்பிப்போனது. இன்னொன்று நல்ல கொம்பன், எஸ்.ஜி. என்கிற பெரிய ரவை நெஞ்சில் பட்டு வாழைக்கும் வேலிக்கும் நடுவே விழுந்தது. காணிப்பாட்டாவுக்கு ஒரு தொடை, பக்கத்து ஐந்து வீடுகளுக்குப் பங்கு. நல்லமிளகு அரைத்துத் தேங்காய்க்கொத்து போட்டு அம்மா வைத்த கறியையும் அவித்த மரச்சீனியையும் வயிறு முட்டத் தின்றேன். அதற்காக வருந்துகிறேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. எங்கள் ஆறு மாத உழைப்பை ஒரே இரவில் உழுதுபோட்ட பன்னி அது.

எனக்கு வேறொரு இரவு இருக்கிறது. அதை இதுவரை எழுதியதில்லை.

ஆடி மாதம். ஊரில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. அன்று காணிப்பாட்டா வரவில்லை, காய்ச்சல். தனியாக உட்கார்ந்திருந்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. நடுச்சாமத்துக்குப் பிறகு கீழ்வேலி ஓரத்தில் தண்டு ஒடியும் சத்தம். மூச்சு கேட்கவில்லை, அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். மழைச்சத்தத்தில் அமுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். குதிரையை ஏற்றினேன். இடதுகையால் டார்ச்சைக் குழலோடு சேர்த்துப் பிடித்து அமுக்கினேன். பேட்டரி தீர்ந்துபோய் மஞ்சளாக ஒரு வெளிச்சம். கருப்பாக, தாழ்வாக, ஏதோ அசைந்தது. கண் மின்னவில்லை.

விரல் விசையில் இருந்தது. பத்தொன்பது வயது, தனியாக முதல் பன்னி, காலையில் ஊரே வந்து பார்க்கும். அப்பாவின் பாதிச் சொல் மட்டும்தான் அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. மின்னவில்லை, அப்படியானால் பன்னி.

அது நிமிர்ந்தது. தலையில் கவிழ்த்திருந்த சாக்கு நழுவி விழுந்தது. ஒரு பெண். யாரென்று எனக்குத் தெரியும். இங்கே சொல்ல மாட்டேன். ஒரு மூடு மரச்சீனியைப் பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தைப் பார்த்துக் கை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் டார்ச்சை அணைத்தேன். ஓடுகிற சத்தம் கேட்டது.

இப்போது குதிரை ஏறி நிற்கிறது. அதை வெடிக்காமல் இறக்க வேண்டுமானால் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு விசையை மெல்ல இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். விரல் முழுக்க மழையும் வேர்வையும். வழுக்கினால் வெடிக்கும். குழலை மேலே மழைக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. எழுபத்தேழு வயதாகிறது, இன்றைக்கும் சில இரவுகளில் அந்தப் பெருவிரல் மரத்துப்போய் விழிக்கிறேன்.

காலையில் இரண்டு தோட்டாவையும் அப்பா கையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ரொம்ப நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூடு எடுத்துட்டாளா?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக்கொண்டு போனாள் என்றேன். "சரி" என்றார். அடுத்த நடவில் கீழ்வேலிக்கு வெளியே, நடைபாதை ஓரமாக, இரண்டு வரிசை மரச்சீனி வைத்தார். பன்னி தின்னுமே என்று அம்மா சொன்னாள். அவர் பதில் சொல்லவில்லை.

அதன்பிறகும் சில வருடம் காவலுக்குப் போனேன். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து காட்டுயிர்களைச் சுடுவது படிப்படியாக இறுகியது, 1991 திருத்தத்தோடு வேட்டைக்கு லைசென்ஸ் கொடுப்பதே நின்றது. அது நல்லதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். எங்கள் தலைமுறை பயிருக்காக மட்டும் சுட்டது என்று சொன்னால் பொய். ஜீப்பில் லைட் அடித்து, கண் மின்னியதையெல்லாம் சுட்டவர்களும் எங்கள் ஊரில்தான் இருந்தார்கள். மிளாவும் கேழையாடும் அடிவாரத்திலிருந்து மறைந்தது அப்படித்தான். எங்கள் துப்பாக்கி தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும், முடிந்தால் ரசீதைக் காட்டி வாங்கி வருவோம். மற்ற நாளெல்லாம் பீரோவுக்குள். அப்பா காலமான பிறகு லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற நான் விண்ணப்பிக்கவில்லை. துப்பாக்கியை ஒரு லைசென்ஸ் உள்ள கடையில் ஒப்படைத்தேன்.

உங்கள் அப்பாவின் அன்னாசிக்கு வருகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. ரப்பருக்கு நடுவே அன்னாசி வைப்பது பன்னிக்குப் பந்தி வைப்பது மாதிரி, ஆனால் ரப்பர் பால் தரும்வரை விவசாயி வேறு என்ன செய்வான்? லைசென்ஸுக்கு 21 வயது போதும், உங்களுக்குக் கிடைக்கவும் கூடும். ஆனால் துப்பாக்கி கையில் இருப்பதால் பன்னியைச் சுட முடியாது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் சுடலாம், சுடுவதும் வனத்துறையினர்தான். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவிட்டு, லைசென்ஸ் உள்ளவர்களை வைத்துச் சுடச் சொல்லலாம். அங்கே பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி வேண்டும் என்று நம் ஆட்கள் கேட்கிறார்கள். பன்னியைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை வனத்துறை செய்யட்டும், பகலில் அளந்து திட்டமிட்டுச் செய்யட்டும், இன்னும் வேகமாகச் செய்யட்டும். அடிவாரம் முழுக்க ஆயிரம் இளைஞர்கள் ராத்திரி விசையில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீங்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டாம். சோலார் வேலி போடுங்கள், சேதத்துக்கு வனத்துறையில் நஷ்டஈடு மனு கொடுங்கள், அலைய வைத்தாலும் விடாமல் கொடுங்கள்.

அப்பாவின் சாமான்களை ஒதுக்கியபோது பழைய பால்கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. பின்பக்கத்தில் தேதிவாரியாக என் இரவுகள். போனது 2, வந்தது 2. போனது 2, வந்தது 2. அப்படியே பக்கம் பக்கமாக. அந்த ஆடி மாதத்து இரவுக்கு நேரே மட்டும் வந்தது என்ற இடத்தில் 2 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்.

உங்கள் நண்பரிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பிறந்தநாளன்று அவருடைய அப்பா எத்தனை தோட்டா கொடுத்தார்?

அன்புடன்