ஃபிரிஞ்ச் நாடக விழா: பார்க்க வருபவர்களும் வேலை செய்ய வருபவர்களும் கேட்டவை

விழா நெருங்கினால் கேள்விகள் குவிந்துவிடும். டிக்கெட் வாங்குகிறவர்கள், தன்னார்வலராகச் சேர நினைப்பவர்கள், முதல் நாடகத்தைக் கொண்டுவரும் குழுக்கள் என்று பலரும் கேட்டவற்றை ஒன்றுசேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பல வருடங்களாக ஃபிரிஞ்ச் விழாக்களில் அரங்கப் பொறுப்பாளராக இருக்கிறேன். அதனால் நடிப்பைப் பற்றிக் குறைவாகவும், வாசலையும் நேரத்தையும் பற்றி அதிகமாகவும் பேசுவேன்.

அக்கா, ஃபிரிஞ்ச் என்றால் சின்ன நாடக விழா, அவ்வளவுதானே? (புதிதாக வரும் பார்வையாளர்)

அளவை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃபிரிஞ்சில் ஒரே ஆகஸ்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கின்றன. யார் நாடகம் போடலாம் என்று ஒரு தேர்வுக்குழு உட்கார்ந்து முடிவு செய்வதில்லை, அதுதான் இந்த விழாவின் அடையாளம். 1947இல் எடின்பரோவில் சர்வதேச விழா முதன்முதலாக நடந்தபோது, அழைப்பே இல்லாத எட்டுக் குழுக்கள் வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. 1958இல் இதற்கென்று ஒரு சங்கம் அமைந்தது. டிக்கெட், தகவல், நிகழ்ச்சிப் பட்டியல் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டது. நிகழ்ச்சிகளை வடிகட்டும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

கனடாவில் 1982இல் எட்மன்டனில் தொடங்கிய விழாவின் வழியில் வந்தவை வேறு ஒரு ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. அரங்குகள் குறைவு, விண்ணப்பங்கள் அதிகம். ஆகவே பெரும்பாலும் குலுக்கல். சீட்டில் பெயர் வந்தால் உள்ளே. டிக்கெட்டின் அடிப்படை விலை முழுவதும் கலைஞர்களுக்கே போகும். நாடகத்தின் உள்ளடக்கத்தில் விழா நடத்துபவர்கள் கை வைப்பதில்லை. இந்த வகை விழாக்கள் மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். பேர் பெற்ற குழுவுக்கும் நேற்றுச் சேர்ந்த குழுவுக்கும் அதே அறை, அதே விளக்குகள், அதே அவகாசம்.

தேர்வே இல்லை என்றால் மோசமான நாடகமும் வருமே. காசு கொடுத்து எப்படி நம்பிப் போவது?

வரும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் வேறு எங்கேயும் மேடை கிடைக்காத நாடகமும் இங்கேதான் வரும், அதற்காகவே நான் போகிறேன்.

தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். நிகழ்ச்சிக் குறிப்பில் 'நகைச்சுவையும் சோகமும் கலந்த உணர்ச்சிப் பயணம்' என்று பொதுவாக எழுதியிருந்தால் தள்ளி வையுங்கள். யார், எங்கே, என்ன சிக்கல் என்று மூன்று வரியில் சொல்லத் தெரிந்த குழு பெரும்பாலும் மேடையிலும் தெளிவாக இருக்கும். அடுத்து, வரிசையில் நிற்பவர்களிடம் பேசுங்கள். 'நேற்று என்ன பார்த்தீர்கள்?' என்று கேட்டால் போதும், கொட்டிவிடுவார்கள். தன்னார்வலர்களிடமும் கேளுங்கள், ஒரே அரங்கில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு எந்த நாடகம் முடிந்ததும் மக்கள் என்ன முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்பது தெரியும். நட்சத்திர மதிப்பீட்டைவிட அதை நான் நம்புவேன்.

தெரிந்த பெயர் ஒன்று பார்த்தால், தெரியாத பெயர் ஒன்றும் பாருங்கள். பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிடிக்காமல் போனாலும் ஒரு மணி நேரம்தான்.

ஒரே நாளில் எத்தனை நாடகம் பார்க்கலாம்?

மூன்று. நான்காவதைப் பார்க்கும்போது முதலாவது மறந்துபோகும். அரங்குக்கு அரங்கு நடக்கும் நேரத்தோடு அரை மணி சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அச்சிட்டிருப்பது நாடகம் தொடங்கும் நேரம், கதவு திறக்கும் நேரம் இல்லை.

போன வருடம் இரண்டே நிமிடம் தாமதமாக வந்தேன். டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே விடவில்லை. இது நியாயமா மேடம்? (இன்னும் கோபம் தீராத ஒருவர்)

உங்கள் கோபம் புரிகிறது. வாசலில் நின்று அந்தப் பதிலைச் சொல்கிறவர்களில் நானும் ஒருத்தி, சொல்வதற்குச் சங்கடமாகவே இருக்கும். ஆனால் கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு அறையில் ஒரே நாளில் ஐந்தாறு குழுக்கள் நாடகம் போடும். ஏழு மணி நாடகம் 7.55க்கு முடிகிறது, அடுத்தது 8.15க்கு என்று வைத்துக்கொள்வோம். கைதட்டல் முடிந்து கூட்டம் வெளியேற ஐந்து நிமிடம். அதற்குள்ளேயே நடித்தவர்கள் வேர்வையோடு தங்கள் நாற்காலியையும் துணிமணியையும் அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போக வேண்டும். ஒரு தன்னார்வலர் துடைப்பத்தோடு இறங்குவார். முந்தைய நாடகத்தில் ஜிகினாத்தூள் தூவியிருந்தால் அதைக் கூட்டி முடிக்கும்வரை வெறுங்காலில் ஆடுகிற அடுத்த குழு மேடை ஏற முடியாது. விளக்குப் பலகையில் இருப்பவர் அடுத்த நாடகத்தின் கியூக்களை, அதாவது விளக்கும் ஒலியும் எந்த இடத்தில் மாற வேண்டும் என்ற குறிப்புகளை ஏற்றி, ஒரு விளக்கையும் ஒரு ஒலியையும் மட்டும் சரிபார்ப்பார். நடிகர்கள் தங்கள் பொருட்களைத் தரையில் ஒட்டியிருக்கும் டேப் அடையாளங்களில் வைப்பார்கள். மேடை மேலாளர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினால்தான் நான் கதவைத் திறப்பேன். அப்போது மணி 8.05 ஆகியிருக்கும். பத்து நிமிடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, தலை எண்ணி, கதவைச் சாத்த வேண்டும்.

இதில் இரண்டு நிமிடம் தளர்த்தினால் அந்த இரண்டு நிமிடம் இரவு கடைசி நாடகம்வரை ஒவ்வொரு குழுவின் தலையிலும் விழும். இன்னொன்று, இந்த அறைகளில் பல நாடகத்துக்காகக் கட்டியவை அல்ல. கதவே மேடையை ஒட்டி இருக்கும். இருட்டில் தொடங்கும் காட்சியில் நீங்கள் கதவைத் திறந்தால் நடைவழி வெளிச்சம் நேராக நடிகர் முகத்தில் அடிக்கும். நீங்கள் இருட்டில் படி தடுக்கி விழவும் கூடும். தாமதமாக வருபவர்களுக்கென்று ஒரு இடைவெளியைக் குழுவே குறித்துக் கொடுத்திருந்தால் கண்டிப்பாக விடுவோம். இல்லையென்றால் முடியாது.

எனக்கு நடிக்கத் தெரியாது, ஒளி, ஒலி எதுவும் தெரியாது. தன்னார்வலராக வந்தால் என்ன வேலை இருக்கும் அக்கா? (கல்லூரி மாணவி)

நிறைய இருக்கிறது தங்கச்சி. டிக்கெட் சரிபார்ப்பது, வரிசையை ஒழுங்குபடுத்துவது, வழி சொல்வது, தலை எண்ணுவது, நாடகங்களுக்கு நடுவே இருக்கைகளைச் சுத்தம் செய்வது, வெளியூர்க் குழுக்களை அழைத்து வருவது. சில விழாக்களில் உள்ளூர்க்காரர்கள் வெளியூர் நடிகர்களைத் தங்கள் வீட்டிலேயே தங்க வைக்கிறார்கள். ஹோட்டல் செலவைத் தாங்க முடியாத குழுக்களுக்கு அது பெரிய உதவி. வேலை செய்த நேரத்துக்கு ஈடாக இலவச டிக்கெட் தருவது பல விழாக்களில் வழக்கம்.

தலை எண்ணுவதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பது தீயணைப்பு விதிப்படி நிர்ணயித்தது. ஏதாவது நடந்து எல்லாரையும் வெளியேற்ற வேண்டி வந்தால், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதனால் கையில் அமுக்கி எண்ணும் கருவியும் இருக்கும், டிக்கெட் கணக்கும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். முதல் நாள் வந்ததும் அவசர வழிகள் எல்லாவற்றிலும் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். பயிற்சியில் வரைபடத்தைக் காட்டுவார்கள், அது போதாது.

முன்வரிசையில் யாரும் உட்கார மாட்டார்கள். 'முன்னால் போங்கள்' என்று சொன்னால் ஒருவரும் அசைய மாட்டார். 'மூன்றாவது வரிசையில் நடுவில் இரண்டு நல்ல இடம் இருக்கிறது, வாருங்கள்' என்று கூடவே நடந்தால் வருவார்கள்.

வசதியான செருப்பு, சின்ன டார்ச், தண்ணீர். வேறொன்றும் வேண்டாம்.

என் அம்மா சக்கர நாற்காலியில் வருவார். பழைய கட்டடங்களில் நடக்கும் விழாவுக்கு அழைத்து வரலாமா?

டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இடம் ஒதுக்குவதும் படியில்லாத வழியைத் திறந்து வைப்பதும் எங்கள் பொறுப்பு. சில அறைகளுக்கு உண்மையிலேயே அந்த வழி இருக்காது. அதை நிகழ்ச்சிப் பட்டியலிலேயே வெளிப்படையாக எழுதாத விழா தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பேன். வாசல்வரை வந்தபிறகு 'நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுகிறோம்' என்று சொல்வது உதவியே இல்லை. அது அவருக்கும் ஆபத்து, தூக்குபவர்களுக்கும் ஆபத்து.

பேரொலியும் முழு இருட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகச் சில குழுக்கள் தளர்வான காட்சிகள் நடத்துகின்றன. பார்வையாளர் பகுதியில் மெல்லிய வெளிச்சம் இருக்கும், ஒலியைக் குறைத்திருப்பார்கள், எழுந்து போய் வரலாம். பட்டியலில் தேடிப் பாருங்கள்.

முதல்முறை விண்ணப்பித்து இடம் கிடைத்துவிட்டது. ஒரு மணி நேர அவகாசம். எங்கள் நாடகம் சரியாக அறுபது நிமிடம் ஓடுகிறது. சரிதானே அண்ணி? (என் நாத்தனார் மகனின் குழுவில் இருக்கும் ஒருவர்)

சரியில்லை. ஐம்பத்தைந்தாகக் குறையுங்கள், ஐம்பது என்றால் இன்னும் நல்லது. பார்வையாளர் சிரித்தால் நேரம் நீளும், உட்கார வைக்கத் தாமதமானால் நீளும். பல விழாக்களில் நேரம் தாண்டினால் விளக்கை அணைத்துவிடுவார்கள். வெட்டும்போது தொடக்கத்தில் வெட்டுங்கள். அறிமுகக் காட்சிகளில்தான் தேவையில்லாதது அதிகம் இருக்கும்.

தொழில்நுட்ப ஒத்திகைக்குச் சில மணி நேரம்தான் கிடைக்கும். அதில் முழு நாடகத்தையும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். கியூவிலிருந்து கியூவுக்குத் தாவுங்கள்: விளக்கு மாறும் வசனத்துக்கு ஒரு வரி முன்னால் தொடங்கி, மாறியதும் நிறுத்தி, அடுத்ததற்குப் போங்கள். கியூ பட்டியலை அச்சடித்து இரண்டு பிரதி கொண்டு வாருங்கள். அரங்கில் தொங்கும் விளக்குகள் எல்லாக் குழுக்களுக்கும் பொது. அவற்றை இடம் மாற்றக் கேட்காதீர்கள். இருப்பதை வைத்து யோசியுங்கள். பின்னணி இசைக்கும், வேறொருவர் எழுதிய நாடகப் பிரதிக்கும் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். புகை இயந்திரம், தீ, கத்தி, துப்பாக்கி போன்ற பொருள் இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். புகையை யாருக்கும் சொல்லாமல் போட்டால் தீ எச்சரிக்கை மணி அடித்து, கட்டடம் முழுக்க இருக்கும் மற்ற நாடகங்களும் நின்றுபோகும்.

அரங்கப் பொருட்கள் எல்லாம் நான்கு பேர் ஒரே நடையில் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்கு இருக்கட்டும்.

நான்கே பேர் வந்தால் நாடகத்தை நடத்துவதா, ரத்து செய்வதா?

நடத்துங்கள். தயவுசெய்து நடத்துங்கள். அந்த நான்கு பேர் வேறு எத்தனையோ நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு உங்களைத் தேடி வந்தவர்கள். அவர்களைப் பக்கம் பக்கமாக உட்கார வையுங்கள்; தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் யாருக்கும் வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றாது. 'கூட்டம் இல்லை, மன்னிக்கவும்' என்று மேடையிலிருந்து சொல்லவே சொல்லாதீர்கள். வந்தவர்களிடம் வராதவர்களைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

அரங்கப் பொறுப்பாளரிடம் காலையிலேயே சொன்னால், ஓய்வில் இருக்கும் தன்னார்வலர்களையும் மற்றக் குழு நடிகர்களையும் அனுப்புவோம். பிறகு நோட்டீஸ் கொடுப்பது. சும்மா கையில் திணித்தால் அடுத்த குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். ஒரே வாக்கியத்தில் கதையைச் சொல்லுங்கள், இன்று எத்தனை மணி என்று சொல்லுங்கள், விலகுங்கள். உங்கள் நாடகத்தைப் போன்ற ஒன்றுக்கு வரிசை நிற்கும் இடத்தில், அந்தக் குழுவிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பதுதான் நல்ல பலன் தரும். பதிலுக்கு அவர்கள் நோட்டீஸை உங்கள் வாசலில் கொடுங்கள்.

ஒரு நாடகம் என் நம்பிக்கையைப் புண்படுத்தியது. விழா ஏன் அதை நிறுத்தவில்லை ஐயா?

நிறுத்தும் உரிமையை விழா வேண்டாம் என்று விட்டதால்தான் இத்தனை குழுக்கள் இங்கே இருக்கின்றன. சட்டத்தை மீறினால், யாருக்காவது ஆபத்து என்றால் தலையிடுவோம். வயது வரம்பும் உள்ளடக்க எச்சரிக்கையும் தெளிவாக இருந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது எங்கள் குறை, எழுதிக் கொடுங்கள். மற்றபடி குழுவிடம் நேரில் பேசுங்கள். பெரும்பாலும் அவர்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். (ஐயா இல்லை, அம்மா. பரவாயில்லை.)

எங்கள் ஊரில் சிறிதாக ஒரு ஃபிரிஞ்ச் தொடங்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நடந்து போகும் தூரத்தில் மூன்று அறைகள், ஒரு வார இறுதி. முதல் தடவைக்கு அதற்கு மேல் வேண்டாம். அறையைப் பார்க்கப் போகும்போது பக்கத்து அறையில் ஒருவரைச் சத்தமாகப் பாட வைத்துக் கேளுங்கள். சுவர் வழியாகச் சத்தம் வந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் நாடகம் வைக்க முடியாது. வெளியேறும் வழிகள், மின்சாரம் எவ்வளவு தாங்கும், காப்பீடு, கழிப்பறை இவற்றைப் பார்த்த பிறகுதான் அறையின் அழகைப் பார்க்க வேண்டும். நிகழ்ச்சிகளுக்கு நடுவே இருபது நிமிடத்துக்குக் குறைவாக இடைவெளி விடாதீர்கள். இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் எல்லார் முன்னாலும் குலுக்குங்கள். நண்பருடைய குழுவுக்கு ஒரே ஒரு இடம் தனியாக ஒதுக்கினாலும் அடுத்த வருடம் உங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

விழா முடிந்த மறுநாள் என்ன வேலை இருக்கும்?

கலைஞர்களுக்குப் பணம். எத்தனை டிக்கெட் விற்றது, எத்தனை இலவசம், எவ்வளவு பிடித்தம் என்று நாள் வாரியாகக் கணக்கெழுதி, பணத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். நன்றி விழா, புகைப்படம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். பிறகு தரையில் ஒட்டிய டேப்பை உரிக்க வேண்டும். நாளாக நாளாகப் பசை தரையோடு இறுகிவிடும், அன்றைக்கே ஆள் பிடித்து வையுங்கள்.