கடை விளையாட்டில் பணம் தீர்ந்துபோக வேண்டும்

நான்கு வயதுப் பிள்ளைக்குப் பணத்தின் அருமையை வீட்டில் விளையாட்டாகவே புரியவைக்க முடியுமா, முடியும் என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்பதே என் அனுபவம். என் மகளுக்கு நான்கு வயது நடந்தபோது தொடங்கிய கடை விளையாட்டு, அவளுக்கு ஒன்பதும் அவள் தம்பிக்கு ஆறும் ஆகிவிட்ட இந்நாள் வரை எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது நடக்கிறது. ஆனால் முதல் சில மாதங்கள் அதை நான் தவறாகவே நடத்தினேன். அந்தத் தவற்றைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

தொடக்கத்தில் தாளைக் கத்தரித்து நிறைய விளையாட்டு நோட்டுகள் செய்து கொடுத்தேன். அவை தீரத் தீர மேலும் செய்து கொடுத்தேன். பொம்மைகள், புத்தகங்கள், காலி டப்பாக்கள் எல்லாவற்றையும் மகள் வரிசையாக அடுக்குவாள். நான் கடைக்காரராக உட்காருவேன். அவள் ஒரு நோட்டை நீட்டுவாள்; நான் பொருளையும் மீதிச் சில்லறையையும் கொடுப்பேன். எல்லாம் நன்றாக நடப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள், "அம்மா, பணம் குறைந்துவிட்டது, கடைக்குப் போய் வாங்கி வருகிறேன்" என்றாள். கடை என்பது பணம் கிடைக்கும் இடம் என்றே அவள் நம்பியிருந்தாள். அவள் கண்ட காட்சியும் அதுதான்: ஒற்றை நோட்டோடு போனவள் பொருளோடும் கைநிறையச் சில்லறையோடும் திரும்பி வந்தாள்.

இப்படி எண்ணுவது அந்த வயதுக்கு இயல்பு என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். இத்தாலிய உளவியலாளர்களான அன்னா சில்வியா பெர்ட்டியும் அன்னா எமிலியா பொம்பியும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகள் பணத்தைப் படிப்படியாகப் புரிந்துகொள்ளும் விதத்தை விவரித்திருக்கிறார்கள். பொருள் வாங்கினால் பணம் தர வேண்டும் என்பது முதலில் பிடிபடுகிறது. எல்லாக் காசும் ஒரே மதிப்புடையதன்று என்பது அதன் பிறகு. கையில் உள்ள பணம் சில பொருள்களுக்குப் போதாது என்பது அதற்கும் பிறகு. கடைக்காரர் ஏன் மீதி தருகிறார் என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். நானோ அந்தக் கடைசிப் படியிலிருந்து தொடங்கியிருந்தேன். அதோடு, காசுகளை அகலப் பரப்பி வைத்தாலே அவை கூடிவிட்டதாக இந்த வயதுப் பிள்ளைகள் எண்ணுவார்கள். ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்து எழுதிய இயல்பு இது. ஏறக்குறைய ஏழு வயது வரை கண்ணுக்குத் தெரியும் பரப்பே பிள்ளைக்கு அளவாகிவிடுகிறது. ஒரு பெரிய நோட்டைவிடப் பத்துச் சில்லறைக் காசுகளையே அவள் விரும்பியதற்குக் காரணம் அறியாமை என்று அவளைத் திருத்திக்கொண்டிருந்தது என் பிழை.

ஆகவே நோட்டுகளையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, ஒரே நிறத்தில் 10 அட்டை வில்லைகள் மட்டும் செய்தேன். ஒரு வில்லை என்றால் ஒன்று. மீதி கொடுக்கும் பேச்சே இல்லை. கடையில் உள்ள பொருள்களின் விலைகளைக் கூட்டினால் 20க்கு மேல் வரும்படி சீட்டு ஒட்டினேன். அன்றைக்குத்தான் விளையாட்டு உண்மையில் தொடங்கியது என்பேன். யானைப் பொம்மைக்கு 6, வண்ணப் பென்சில் பெட்டிக்கு 5. இரண்டையும் எடுத்து வந்தவள் வில்லைகளை எண்ணிப் பார்த்தாள், திரும்ப எண்ணினாள், என் முகத்தைப் பார்த்தாள். "பரவாயில்லை, எடுத்துக்கொள்" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. நெடுநேரம் நின்றுகொண்டிருந்துவிட்டு யானையைத் திரும்ப வைத்தாள். பிறகு மனம் மாறிப் பென்சிலை வைத்துவிட்டு யானையை எடுத்தாள். ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட வேண்டும் என்பதை நான் எத்தனை முறை வாயால் சொல்லியிருந்தாலும் அவளுக்கு அது விளங்கியிருக்காது.

உண்மையான கடையில் இதே நிலை வந்திருந்தால் அவள் அழுது அடம்பிடித்திருப்பாள். விளையாட்டில் மட்டும் எப்படிப் பொறுத்துக்கொண்டாள் என்ற கேள்விக்கு ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையொன்றில் விடை இருக்கிறது. பாவனை விளையாட்டில் பிள்ளை தன் விருப்பப்படி நடப்பதாகத் தோன்றினாலும், ஏற்ற வேடத்தின் விதிகளுக்குத் தானே கட்டுப்படுகிறது. பிள்ளையின் தன்னடக்கம் மிகுதியாக வெளிப்படும் இடமே விளையாட்டுதான் என்று அவர் விளக்குகிறார். ஆகையால் பெற்றோர் செய்ய வேண்டியது விதியைக் காப்பது மட்டுமே. இரக்கப்பட்டு இரண்டு வில்லைகளைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் விளையாட்டின் உயிரே போய்விடும். நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் இதைக் கடைப்பிடியுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: பணம் தீரட்டும், தீர்ந்த பிறகு நாம் பேசாமல் இருப்போம்.

வெவ்வேறு மதிப்புள்ள வில்லைகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளை ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பிழையில்லாமல் பத்து வரை எண்ணத் தொடங்கியதும், ஒரு சிவப்பு வில்லைக்கு ஐந்து வெள்ளை வில்லைகள் என்று நான் மாற்றினேன். மீதி கொடுப்பது தானாகவே வந்து சேர்ந்தது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் மட்டும் காசு, பொத்தான் போன்ற விழுங்கக்கூடிய பொருள்களை வேண்டவே வேண்டாம். உள்ளங்கை அகல அட்டைகளே போதும்.

பெரும்பாலான பெற்றோர் கவனிக்கத் தவறும் பகுதி கடைக்காரரின் பக்கம். பிள்ளை எப்போதும் வாங்குபவராகவே இருந்தால் செலவு செய்வதை மட்டுமே கற்றுக்கொள்ளும். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே எழும். 1979இல் வெளியான ஓர் ஆய்வுக்காக குஸ்டாவ் ஜஹோடா என்ற உளவியலாளர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பிள்ளைகளைக் கடைக்காரராக நடிக்கச் சொல்லிப் பார்த்தார். வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே வேறுபாடு இருக்க வேண்டும் என்பது, ஏறக்குறைய 10, 11 வயதுக்கு முன் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

என் மகளுக்கும் ஏழு வயதில் அது புரியவில்லை. நான் மொத்த வியாபாரியாக அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, புத்தகம் ஒன்றுக்கு 3 வில்லை என்று அவளுக்கு விற்றேன். அவள் தம்பிக்கு அதையே 2 வில்லைக்கு விற்றாள். சின்னப் பையன், பாவம் என்பது அவள் சொன்ன காரணம். மாலைக்குள் முதலுக்கே மோசம் வந்துவிட்டது. மறுபடி கொள்முதல் செய்யக் கல்லாவில் பணமில்லை. அடுத்த நாள் வாங்கிய விலைக்கே விற்றாள். அப்போது கடை காலியாகவில்லை. ஆனால் நாள் முழுவதும் கடையில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு வில்லைகூட மிஞ்சவில்லை. "எல்லாரும் வாங்கினார்கள், எனக்கு மட்டும் ஏனம்மா ஒன்றும் இல்லை?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரேயடியாக 9 வில்லை விலை வைத்தாள். தம்பி வாங்க மறுத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு மூன்று வாரம் இப்படியே கூட்டியும் குறைத்தும் கடைசியில் 4 என்ற விலைக்கு வந்து சேர்ந்தாள். லாபம் என்ற சொல்லை அதன் பிறகே சொன்னேன். கடையைப் பெருக்கிக் கொடுத்த தம்பி கூலி கேட்டபோது, அந்த நான்கில் அவனுக்கு எவ்வளவு என்பது பெரிய வழக்காகிவிட்டது. அதில் நான் தலையிடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகள் நாம் பணம் எண்ணிக் கொடுப்பதை அரிதாகவே பார்க்கிறார்கள்; கைபேசியைக் காட்டுகிறோம், பொருள் வந்துவிடுகிறது. என் மகன் ஐந்து வயதில் ஓர் அட்டைத் துண்டைக் கைபேசியாக வைத்துக்கொண்டு, வாயாலேயே ஒலி எழுப்பிக் கடையிலிருந்த அத்தனையையும் வாரிக்கொண்டான். அவனைத் தடுக்கவில்லை, ஒரு சிலேட்டில் 10 கோடுகள் போட்டு, "உன் கைபேசிக்குள் இவ்வளவுதான் இருக்கிறது" என்று அருகில் வைத்தேன். ஒவ்வொரு முறை ஒலி எழுப்பும்போதும் விலைக்குரிய கோடுகளை அவன் கையாலேயே அழிக்க வேண்டும். கோடுகள் தீர்ந்ததும் ஒலி எழுப்பினாலும் பொருள் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பணத்தைக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. சம்பள நாள் வந்ததும், செய்த வேலைக்கு ஏற்பக் கோடுகளைத் திரும்பப் போடுவோம்.

சேமிப்புக்கு ஓர் உண்டியல் வைத்தோம். இரண்டு விளையாட்டுகளுக்குச் செலவழிக்காமல் வைத்திருக்கும் வில்லைகளுக்கு மேலும் ஒன்று சேரும் என்பது விதி. ஒரு நாள் வேறொரு விளையாட்டுக்கு வில்லை குறைந்தபோது, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததால் கேட்காமலேயே உண்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். திருப்பி வைக்க மறந்தும் போனேன். அதன் பிறகு பல வாரங்கள் மகன் உண்டியல் பக்கமே போகவில்லை. கிடைத்ததை அன்றே செலவழித்தான். அவனிடம் பொறுமை இல்லை என்று முதலில் வருந்தினேன். பிறகுதான் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. பெரியவர் ஒருவர் முதலில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால், பின்னால் வரப்போகும் இரண்டாவது இனிப்புக்காகப் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். அவர் சொல் தவறியிருந்தால் 3 நிமிடத்திலேயே இருந்த இனிப்பை எடுத்துக்கொண்டார்கள். சொல் தவறும் உண்டியலில் போடாதது அவனுடைய அறிவுடைமை. எடுத்த வில்லைகளை அவன் முன்னாலேயே எண்ணித் திருப்பி வைத்து மன்னிப்புக் கேட்டேன். மறுபடி அவன் போடத் தொடங்க இரண்டு மாதம் பிடித்தது.

விளையாட்டைக் கணக்குத் தேர்வாக மாற்றிவிடாதீர்கள். கூட்டலில் பிழை செய்தால் வாங்குபவர் என்ற முறையில் "எனக்கு ஒன்று குறைகிறதே" என்று சொல்லலாம். ஆசிரியராக மாறி விளக்கம் சொல்லத் தொடங்கினால் பிள்ளை எழுந்து போய்விடும். அவர்கள் வேடம் ஏற்கும்போது நம் பேச்சும் வெளியே வரும் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். என் மகள் ஒருமுறை அம்மாவாக நடித்துப் பொம்மையிடம், "இந்த மாதம் முடியாது, சும்மா நச்சரிக்காதே" என்று என் குரலிலேயே சொன்னாள். முடியாது என்பது சரி. அதை நான் சொன்ன விதத்தில் அவளுக்குத் தெரிந்தது சலிப்பு மட்டுமே. வீட்டின் வரவு செலவு தெரியவில்லை. அன்றிலிருந்து "எதற்காகப் பணம் எடுத்து வைத்திருக்கிறோம் தெரியுமா" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

உண்மைப் பணத்தை எப்போது கையில் கொடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். மகளுக்கு எட்டு வயது முடிந்தபோது, வாரம் ஒருமுறை ஒரு சிறு தொகையைக் கொடுக்கத் தொடங்கினோம்; அதை வேலைக்கான கூலியாக்கவில்லை. முதல் வாரப் பணம் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. முகம் வாடினாலும் கூடக் கேட்கவில்லை. மேசையில் உட்கார்ந்து தம்பியின் சிலேட்டை எடுத்து, அடுத்த வாரத்துக்கு எத்தனை கோடு போடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.