பாக்கெட் பாலை நிறுத்திவிட்டு, மாடு வைத்திருப்பவரிடம் கறந்த பால் வாங்கலாமா?

"சென்னையில் பாக்கெட் பாலெல்லாம் கெமிக்கல், கலப்படமில்லாத கறந்த பால் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும், யாரோ வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருப்பார்கள். அப்படித்தானே?

நான் பால்காரர் பொண்ணு. வில்லிவாக்கத்தில் மூன்று தலைமுறையாக மாடு வைத்திருக்கிறோம். தாத்தா கொரட்டூர் ஏரிக்கரைக்கு ஓட்டிப்போய் மேய்த்தார். அப்பாவுக்குத் தகரக் கொட்டகைதான். ஒரு காலத்தில் ஆறு உருப்படி, எல்லாம் ஜெர்சி கலப்பு. இப்போது மூன்று.

வாங்கலாம். ஆனால் ஒன்று: கலப்படமில்லாத பால் தினமும் ஒரே மாதிரி இருக்காது. மழைக்காலத்தில் இளம்புல் அதிகமாகி வைக்கோல் குறைந்தால் பால் நீர்த்துப்போகும். வெயில் ஏறினால் கொழுப்பு இறங்கும். கறவை வற்றும் சமயத்தில் கெட்டியாகி லேசாக உப்புக் கரிக்கும். கோயம்பேட்டில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ் தழையை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து போடுவோம். கறப்பதற்கு முன்னால் போட்டுவிட்டால் அன்றைக்குப் பாலில் கோஸ் வாடை. என்றைக்கும் ஒரே மாதிரி இருப்பது பாக்கெட்தான். ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. கூடினால் எடுத்து, குறைந்தால் சேர்த்து அந்த அளவுக்குக் கொண்டுவந்துதான் அடைக்கிறார்கள். அதற்குப் பெயர் கலப்படம் இல்லை.

நான் பிளஸ் டூ படித்த வருஷம், ஐப்பசி மழை. கறக்க உட்கார்ந்ததும் அப்பா முதல் நாலு பீச்சை உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பார். அன்றைக்கு வெண்ணிலாவின் பின்காம்பிலிருந்து திரிதிரியாக வந்தது, தயிர் உடைந்த மாதிரி. மடிநோய். மறுநாள் பக்கத்துக் கட்டில் இன்னொன்றுக்கும். டாக்டர் வந்து காம்புக்குள் ட்யூப் மருந்து ஏற்றி, ஊசியும் போட்டு, "மருந்து முடிஞ்சு இன்னும் மூணு நாள் போகட்டும், அதுவரைக்கும் இந்தப் பாலை யாருக்கும் ஊத்தாதீங்க" என்றார். மருந்து பாலில் இறங்கும். ஒரு வாரம் இரண்டு மாட்டுப் பாலையும் வாசல் சாக்கடையில் ஊற்றினோம். எதிர்வீட்டு ஆயா "நாய்க்காவது ஊத்தலாமே, பாவம்டி" என்று திட்டிக்கொண்டே இருந்தது.

வாடிக்கை வீடுகளுக்குப் பால் பத்தவில்லை. அப்பா முதல் நாள் உண்மையைச் சொன்னார், மாட்டுக்கு உடம்பு சரியில்லை, ஒரு வாரம் பாதிதான் என்று. அதில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது மாடி அம்மா, "உன் மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னா நான் என்னப்பா பண்றது? காபிக்கு என்ன வழி?" என்றார். இன்னும் இரண்டு வீடு வேறு ஆள் பார்க்கிறோம் என்றது.

நாலாம் நாள் விடிகாலை அப்பா பூத்துக்குப் போய்ப் பன்னிரண்டு லிட்டர் ஆரஞ்சு பாக்கெட் வாங்கிவந்தார். பிளேடால் மூலையை வெட்டி கேனில் ஊற்றியது நான்தான். விரல் விறைத்துப்போனது. அந்தச் சில்லிப்பு போக வேண்டும் என்று கேனை வெந்நீர் அண்டாவுக்குள் நிறுத்திவைத்து, எங்கள் பாலையும் சேர்த்தார் அப்பா.

அன்றைக்கு மூன்றாவது மாடி அம்மா படிக்கட்டு வரை வந்து சொன்னாராம்: "இன்னைக்குத்தாம்பா பால் பாலா இருக்கு! இத்தனை நாள் தண்ணி கலந்தியா?"

அப்பா பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டார். ராத்திரி சாப்பிடும்போதுதான் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"ஆக நீங்களே கலந்திருக்கிறீர்கள்" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: ஆமாம். மிச்சமிருந்த நாட்களுக்கும் கலந்தோம், சொல்லாமல் செய்தது தப்புதான். தண்ணீர் ஊற்றுகிற பால்காரர்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை, அவர்கள் இருக்கிறார்கள். லாக்டோமீட்டர் விட்டுப் பாருங்கள், எங்கள் பாலிலும் விடுங்கள். அப்பா கோபப்பட மாட்டார்.

அவருக்குக் கோபம் வருவது லிஃப்ட் விஷயத்தில்தான். அதே அடுக்குமாடியில் பால்காரர், பேப்பர்காரர், வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று போர்டு. வீட்டு நாய்க்குத் தடை இல்லை. அறுபத்தொரு வயசில் முழங்கால் வலியோடு இரண்டு கேன் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறுகிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எழுத வந்தால் இது வராமல் இருக்கமாட்டேன் என்கிறது.

அப்புறம், ஏ2 பால். ஏ2 என்கிற புரத வகை இருக்கும் நாட்டு மாட்டுப் பால் என்று சொல்லி விற்கிறார்களே, அது. நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்குங்கள், உங்கள் காசு. ஆனால் காங்கேயம், உம்பளாச்சேரி எல்லாம் உழைப்பு மாடுகள். கன்று குடித்தது போக ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் கிடைத்தால் பெரிய விஷயம். நகரம் முழுக்க ஊற்றுகிற அளவுக்கு எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடாதீர்கள் என்றது, ஐந்தே நாளில் அந்த உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அவர்களே அப்படி இருக்கும்போது நான் என்ன சொல்ல?

வாங்குவதென்றால் வாட்ஸப் குரூப்பில் விசாரிக்காதீர்கள். விடிகாலை நாலரைக்குக் கொட்டகைக்கே போங்கள். மடியைக் கழுவுகிறாரா, முதல் பீச்சைத் தனியே விடுகிறாரா, தரையில் சாணி வாரியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுக்கு மருந்து கொடுத்தால் பாலை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். குழந்தைக்கென்றால் நன்றாகப் பொங்கக் காய்ச்சாமல் கொடுக்கவே கூடாது. கறந்த சூட்டோடு குடித்தால் நல்லது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், மாட்டு நோய் சிலது பச்சைப் பாலில் மனிதனுக்கு வரும்.

எங்களிடம் கேட்காதீர்கள். வெண்ணிலாவின் மகள் சினையாக இருக்கிறது, தையில்தான் ஈனும். அதுவரை அப்பா புது வீடு எடுப்பதாக இல்லை. எடுத்தாலும் தரைத்தளம் மட்டும்தானாம்.