சானிடைசர் இருந்தும் வீடே படுத்துவிடுகிறதே!

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒருவருக்கு வாந்தி, பேதி வந்தால் மூன்றே நாளில் எல்லோரும் படுத்துவிடுகிறோம். வாசலிலும் சமையலறையிலும் சானிடைசர் வைத்து நாள் முழுக்கத் தேய்க்கிறோம். பிறகும் ஏன் இப்படி?
- வாசகி, திருச்சி

பதில்: சானிடைசரிடம் அதனால் ஆகாத வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. ஆல்கஹால் அதைச் சிதைத்துவிடும். வீடு முழுக்க வாந்தி, பேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு அந்த உறையே கிடையாது. உங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் என்று பரிசோதனையின்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் உடலுக்குள் புகுந்த 12 முதல் 48 மணி நேரத்தில் ஆளைப் படுக்கவைப்பது அதன் வழக்கம்.

இதற்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் சரி. சோப்பு கிருமியைத் தோலிலிருந்து பெயர்க்கும், தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். கட்டைவிரலையும் நக இடுக்கையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நம்மிடம் ஒரு வேடிக்கையான பழக்கம் உண்டு: சாப்பிட்ட பிறகு, குழம்பு வாசனை போகச் சோப்புப் போட்டுக் கழுவுவோம், சாப்பிட உட்காரும் முன் விரல் நுனியை மட்டும் நனைப்போம். சோற்றைப் பிசைவதோ அந்தக் கைதான்!

கழுவிய கையை எதில் துடைக்கிறீர்கள்? வாஷ்பேசின் பக்கத்தில் காலை முதல் ஈரமாகவே தொங்கும் ஒரே துண்டில் என்றால், கழுவியதெல்லாம் வீண். ஆளுக்கொரு துண்டு வையுங்கள், தினமும் வெயிலில் காயப்போடுங்கள். குடத்துக்குள் கைவிட்டுத் தண்ணீர் மொள்ள வேண்டாம். நீண்ட பிடியுள்ள கரண்டி போதும்.

வாந்தியைத் துடைத்தெடுத்த இடத்தில், புட்டியில் சொன்ன அளவுப்படி பிளீச் கரைசல் ஊற்றி ஐந்து நிமிடமாவது ஊறவிடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு அதைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

படுத்தவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, சோர்ந்து துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நோய் வந்தவர், வாந்தியும் பேதியும் நின்ற பிறகும் இரண்டு நாள் சமையலறைப் பக்கம் போகக் கூடாது. அது நீங்களாகவே இருந்தாலும்தான். பிறகு யார் சமைப்பது என்று கேட்பீர்கள். உங்களைத் தவிர வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்களே!